முதுமைக்கு முதல் சேமிப்பு



தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் நம்மிடம் மஸ்அலா கேட்க வருவோர் பலர். ஆனால், முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய ஓர் இளைஞர், ‘இதில் எவ்வளவை என் அறுபதாவது வயதுக்கென்று எடுத்து வைப்பது? எந்தக் கணக்கில் வைப்பது? அது மார்க்கத்தில் ஆகுமா?’ என்று கேட்டு வருவது அரிது. அத்தகைய ஓர் இளைஞர் அண்மையில் என்னிடம் வந்தார். அவருக்கு அளித்த விடை அவரைப் போன்ற பலருக்கும் பயன்படக் கூடுமென்ற எண்ணத்தால் இவ்வாரம் அதனையே எழுதுகிறேன்.

திருச்சி பாலக்கரைப் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின்னர், இருபத்து நான்கு வயதுள்ள அந்தத் தம்பி என் அருகில் வந்து அமர்ந்தார். ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்றாண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது வேறொரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறார். பழைய நிறுவனத்தில் அவர் பெயரில் வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எப்., தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு மேல் சேர்ந்திருந்தது.

“ஹஜ்ரத், அந்தப் பணத்தில் வட்டி கலந்திருக்கிறதாம். அதை முழுவதும் எடுத்துவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். ஹலாலான திட்டம் ஒன்று இருக்கிறதாம். ஒரு லட்சம் போட்டால் மாதம் மூவாயிரம் தருவார்களாம். முதலுக்கும் அவர்களே பொறுப்பாம். எடுத்துப் போட்டுவிடட்டுமா?” என்று கேட்டார்.

வட்டிக்கு அஞ்சும் அவருடைய உள்ளத்தைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால், அந்த அச்சமே அவரை எத்தகைய படுகுழிக்கு அழைத்துச் செல்ல இருந்தது என்பதை எண்ணியபோது திடுக்கிட்டேன். இன்று நம் இளைஞரில் பலர் இரண்டு வகையாகத் தவறுகின்றனர். ஒரு சாரார் வட்டிக்கு அஞ்சி ஒன்றுமே சேமிப்பதில்லை. மற்றொரு சாரார் ‘ஹலால்’ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் சேமித்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்து இழக்கின்றனர். இவ்விரண்டும் மார்க்கம் காட்டிய வழி அல்ல.

முதலில், முதுமைக்கெனச் சேமிப்பது தவக்குலுக்கு, அதாவது இறைவனிடம் பொறுப்பை ஒப்படைப்பதற்கு, முரணானதா என்பதைப் பார்ப்போம். ‘ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். நாளைக்கு வேண்டியதை அவன் நாளைக்குத் தருவான்’ என்று கூறிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது சிலருக்கு இறையச்சம்போல் தோன்றுகிறது. ஆனால், திருமறை கூறும் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நோக்குங்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமித்து வைத்துப் பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளை எதிர்கொள்ளும் திட்டத்தை வகுத்தவர் ஒரு நபி அன்றோ! நம் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கு வேண்டிய உணவை எடுத்து வைத்ததாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவனை நம்பும்படி அவர்கள் ஒரு கிராமத்து அரபிக்குச் சொன்ன செய்தியை அறியாதார் யார்?

நோயுற்றுப் படுத்திருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் செல்வம் முழுவதையும் தருமம் செய்துவிட விரும்பியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கே இசைவளித்தார்கள். அதுவே அதிகம் என்றும் கூறினார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதைக் காட்டிலும் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்பது அங்கே கிடைத்த பாடம். மக்களைக் கையேந்த விடக் கூடாதெனில், தானே முதுமையில் மக்களிடம் கையேந்தும் நிலைக்கு ஒருவர் ஆளாகலாமா?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் பிச்சை கேட்டு நிற்பதைக் கண்டு மனம் நொந்து, பைத்துல்மாலிலிருந்து அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் உதவித்தொகை அளிக்க ஆணையிட்ட நிகழ்ச்சியை இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் தம் கிதாபுல் கராஜில் பதிவு செய்துள்ளார்கள். உழைக்கும் வயதில் ஒருவரிடம் வாங்கிக்கொண்டு, முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியன்று என்பதே அந்த ஆணையின் உட்பொருள். ஆகவே, முதுமைக்குரிய ஏற்பாடு மார்க்கத்துக்குப் புறம்பானதன்று. மார்க்கம் கவலைப்பட்ட பொருள்களுள் ஒன்று.

இங்கே என் வாழ்வில் கண்ட இரண்டு முதியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் எனக்கு அரபி இலக்கணம் கற்பித்த உஸ்தாத். நாற்பது ஆண்டுகள் ஓதிக்கொடுத்தார்கள். மாதச் சம்பளம் மாதத்தோடு தீர்ந்தது. பிடித்தம் என்று ஒன்று இருந்ததில்லை. கண் மங்கிக் கால் தளர்ந்தபோது அவர்கள் கையில் இருந்தவை கிதாபுகள் மட்டுமே. தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் வழியாக உலமாக்களுக்கு வழங்கப்படும் ஓய்வூதியம் ஒன்று உண்டு. மாதம் 1,500 ரூபாயாக இருந்த அதனை 3,000 ரூபாயாக உயர்த்துவதாக 2020ஆம் ஆண்டு அரசு அறிவித்தது. அது நன்மையே. எனினும் மருந்துக்கும் வாடகைக்கும் அது எம்மட்டில் போதும்? உஸ்தாத் அவர்கள் ஒருவரிடமும் வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால், கேட்காமலே புரிந்துகொள்ளும் மாணவர்களை எதிர்பார்த்து அவர்கள் வாசலை நோக்கியிருந்த காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மற்றவர் திருவரங்கத்தில் வசிக்கும் என் நண்பர். வைணவப் பெரியவர். பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்தத் தீவூரில், காலையில் அம்மா மண்டபம் படித்துறை வரை நடந்துவிட்டு வருவார். எவரையும் எதிர்பார்க்கும் நிலை அவருக்கு இல்லை. ஒருநாள் அவரிடம், “சுவாமி, நீங்கள் எப்படிச் சேர்த்தீர்கள்?” என்று வினவினேன். “பாய், நான் சேர்க்கவே இல்லை. சம்பளம் என் கைக்கு வருமுன் பிடித்துக்கொண்டார்கள். கைக்கு வந்திருந்தால் செலவழித்திருப்பேன். என் கெட்டிக்காரத்தனம் அதில் ஒன்றுமில்லை” என்று சிரித்தார்.

இந்தச் சொல்லில் பெரியதோர் உண்மை அடங்கியிருக்கிறது. முதுமைச் சேமிப்புக்கு வேண்டியது பெரும் வருமானம் அன்று; பெரும் அறிவும் அன்று. கைக்கு வருமுன் ஒரு பகுதி தனியே போய்விட வேண்டும். போனதைத் தொடாதிருக்க வேண்டும். அவ்வளவே. இரயில்வே, பெல் தொழிற்சாலை, துப்பாக்கித் தொழிற்சாலை ஆகியவற்றில் வேலை பார்த்த திருச்சிவாசிகளில் பலருக்கு இந்த ஏற்பாடு தானாகவே அமைந்தது. பெரிய கடைவீதியில் கணக்கெழுதுபவருக்கும், செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுபவருக்கும், பள்ளிவாசல் இமாமுக்கும் அது தானாக அமைவதில்லை. அவர்கள் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, தொடக்கநிலையில் உள்ள இளைஞர் முன்னால் இருக்கும் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. தொழிலாளியின் சம்பளத்தில் 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் 12 விழுக்காடு தருகிறது. நிறுவனம் தரும் பங்கில் 8.33 விழுக்காடு, சம்பள உச்சவரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதியக் கணக்குக்குச் செல்கிறது. எஞ்சியது வைப்பு நிதியில் சேர்கிறது. உதாரணமாக, பிடித்தத்துக்குரிய சம்பளம் 15,000 ரூபாய் எனில், தொழிலாளியின் 1,800 ரூபாயும் நிறுவனத்தின் 550 ரூபாயும் வைப்பு நிதியில் சேரும். ஏறத்தாழ 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். 2024-25ஆம் ஆண்டுக்கு இந்நிதியில் வரவு வைக்கப்பட்ட விகிதம் 8.25 விழுக்காடு.

இதனைத் தாளில் ‘வட்டி’ என்று எழுதுகிறார்கள். ஆதலால்தான் நம் தம்பியைப் போன்றோர் கலங்குகின்றனர். ஆனால், ஒரு பொருளின் சட்டம் அதன் பெயரைக் கொண்டு அமைவதன்று. அதன் உண்மை நிலையைக் கொண்டே அமைகிறது. தேவ்பந்தில் முஃப்தியாக இருந்து பின்னர்க் கராச்சியில் பெரிய தாருல் உலூமை நிறுவிய மர்ஹூம் முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்கள் இந்த மஸ்அலாவையே தனி நூலாக எழுதியுள்ளார்கள். அவர்கள் கூறுவதன் சாரம் இது: கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை தொழிலாளியின் கைக்கு வரவில்லை, ஆகவே அவர் அதனைக் கடனாகக் கொடுத்து வட்டி பேசியவர் ஆகமாட்டார். அவருக்கு வர வேண்டிய கூலி தாமதமாக வருகிறது; அத்தோடு சேர்ந்து வரும் கூடுதலும் கூலியின் ஒரு பகுதியாகவோ அன்பளிப்பாகவோ கொள்ளத்தக்கது. எனவே கட்டாயப் பிடித்தத்தின் மீது வருவது மார்க்கம் விலக்கிய வட்டியாகாது. ஆனால், கட்டாயத்துக்கு மேல் தானாக விரும்பிப் பிடிக்கச் சொல்லும் பகுதியில் வட்டியின் சாயல் இருப்பதால் அதனின்றும் விலகியிருப்பதே பேணுதல்.

இதில் மாறுபட்டு, முதலை மட்டும் கொள்ள வேண்டும் என்று கூறும் உலமாக்களும் உளர். அவர்களைக் குறை கூறேன். எனினும், அவர்களும் முதலை எடுத்து மோசக்காரரிடம் கொடுக்கச் சொல்லவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நிறுவனம் தரும் பங்கையும் ஓய்வூதிய உரிமையையும் உதறிவிடுவது பேணுதல் அன்று, இழப்பு. வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். வேலை மாறும்போதெல்லாம் கணக்கை முடித்துப் பணத்தை எடுப்பவர் இந்தப் பத்தாண்டைத் தாமே வெட்டிக்கொள்கிறார். எடுக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே முறை.

இரண்டாவது, பொது வருங்கால வைப்பு நிதி. பி.பி.எப். என்பர். 1968இல் தொடங்கியது. வேலையில் இருப்பவர், சொந்தத் தொழில் செய்பவர் யாவரும் அஞ்சலகத்திலோ வங்கியிலோ திறக்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் ரூபாய். பதினைந்து ஆண்டுத் தவணை. 2020 ஏப்ரலில் இதன் விகிதம் 7.1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. என் திருவரங்கத்து நண்பர் தம் பேரனுக்கு இந்தக் கணக்கைத்தான் திறந்து கொடுத்தார். அரசின் பொறுப்பில் இருப்பதால் முதலுக்கு அச்சமில்லை. அவருடைய நெறியில் அது தடுக்கப்பட்டதன்று. அவருக்கு அது நல்ல கணக்கே. ஆனால், இது நாமாக விரும்பிச் செலுத்தும் தொகை. நிச்சயிக்கப்பட்ட கூடுதலுக்காக அரசுக்குக் கடன் கொடுப்பது. ஆதலின் முஸ்லிம் இளைஞருக்கு இதனை ஆகுமென்று கூற நான் துணியேன்.

மூன்றாவது, தேசிய ஓய்வூதியத் திட்டம். 2004 சனவரி முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கு ஏற்பட்டது; 2009 மே முதல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இதில் போடும் பணம் நிறுவனப் பங்குகளிலும், அரசு மற்றும் நிறுவனக் கடன் பத்திரங்களிலும் இடப்படுகிறது. முடிவில் ஒரு பகுதியை ரொக்கமாகப் பெறலாம். மற்றொரு பகுதியைக் கொண்டு காப்பீட்டு நிறுவனத்திடம் மாத ஓய்வூதியம் வாங்க வேண்டும். செலவு குறைந்த திட்டமே. எனினும், கடன் பத்திர வட்டியும் காப்பீட்டு ஒப்பந்தமும் இதில் பின்னிக் கிடப்பதால், தாமாக விரும்பிச் சேரும் முஸ்லிமுக்கு நான் இதனைச் சொல்வதில்லை. அரசுப் பணியின் நிபந்தனையாகக் கட்டாயம் பிடிக்கப்படுவோர் நிலை வேறு. அவர்கள் பிடித்தத்தை எண்ணி மனம் குழம்ப வேண்டியதில்லை.

நான்காவது, ஷரீஆ வரையறைக்கு உட்பட்ட பரஸ்பர நிதி. இதனை நம்மவரில் பலர் அறியார். பலருடைய பணத்தை ஒன்றுசேர்த்து, பல நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைப்பது பரஸ்பர நிதி. பங்கு வாங்குபவர் கடன் கொடுப்பவர் அல்லர். அந்த வணிகத்தில் சிறு கூட்டாளி. இலாபம் வந்தால் அவருக்கும் உண்டு. நட்டம் வந்தாலும் அவருக்கும் உண்டு. இது நம் ஃபிக்ஹு நூல்கள் பேசும் கூட்டு வணிகத்தின் சாயலுடையது. வட்டித் தொழில் நடத்தும் வங்கிகள், மது, சூது போன்ற விலக்கப்பட்ட தொழில்கள், கடன் சுமை மிகுந்த நிறுவனங்கள் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு எஞ்சியவற்றைத் தேர்வது இதன் ஷரீஆ வகை. தேசியப் பங்குச் சந்தை 2008இலேயே இத்தகைய நிறுவனங்களுக்கென ஷரீஆ குறியீடு ஒன்றை ஏற்படுத்தியது. டாட்டா எதிக்கல், டாரஸ் எதிக்கல் என்னும் பெயர்களில் இவ்வகை நிதிகள் இருக்கின்றன. பெயர் சொல்வது வாங்கச் சொல்வதற்காக அன்று. இப்படியொரு வழி சட்டப்படியே திறந்திருக்கிறது என்று காட்டுவதற்காகவே.

சில நூறு ரூபாயிலிருந்தே மாதந்தோறும் இதில் செலுத்தலாம். சம்பளம் வந்த மறுநாளே வங்கியிலிருந்து தானாகச் செல்லும்படி எழுதிக் கொடுத்துவிட்டால், திருவரங்கத்துப் பெரியவர் சொன்ன ‘கைக்கு வருமுன் பிடித்தம்’ நமக்கும் அமைந்துவிடும். இடைத்தரகருக்குக் கழிவு போகாத ‘நேரடித் திட்டம்’ 2013 முதல் உண்டு. பல ஆண்டுகளுக்கு வைத்திருப்போர் அதனைக் கேட்டு வாங்குதல் நன்று. ஒரு குறை சொல்ல வேண்டும். இது ஓய்வூதியக் கணக்கென்று பூட்டி வைக்கப்பட்டது அன்று. நினைத்த நாளில் எடுக்கலாம். ஆகவே பூட்டு நம் மனத்திலேதான் இருக்க வேண்டும்.

ஏற்ற இறக்கத்தையும் மறைக்கலாகாது. 2020 சனவரியில் 12,000 புள்ளிகளைத் தாண்டியிருந்த நிஃப்டி குறியீடு, நோய்த்தொற்றுக் காலத்தில் அவ்வாண்டு மார்ச் 23ஆம் நாள் 7,610 புள்ளிக்கு வீழ்ந்தது. இருபத்தைந்து வயதினருக்கு அது ஒரு மழைக்காலம். காத்திருந்தால் வெயில் வரும். ஐம்பத்தொன்பது வயதினருக்கோ அது வெள்ளம். ஆகவே இளமையில் இதில் மிகுதியாகவும், ஓய்வு நெருங்க நெருங்கக் குறைவாகவும் வைத்துக்கொண்டு, எடுத்ததைத் தங்கத்திலோ வாடகை தரும் இடத்திலோ சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வது அறிவுடைமை. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தை இதில் இடவே கூடாது.

ஐந்தாவதாக, நம் தம்பியிடம் சொல்லப்பட்ட ‘ஹலால் திட்டம்’. இதனைப் பற்றிச் சற்றே அழுத்தமாக எழுத வேண்டியிருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் எனில் ஆண்டுக்கு 36 விழுக்காடு. எந்த நேர்மையான வணிகம் ஆண்டுதோறும் தவறாமல் இவ்வளவு ஈட்டிப் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்? இது உலக அறிவு கேட்கும் கேள்வி. மார்க்க அறிவு கேட்கும் கேள்வி இதனினும் கூர்மையானது. முளாரபா என்னும் கூட்டு வணிகத்தில் முதல் போட்டவருக்குக் குறிப்பிட்ட தொகையை நிச்சயித்தாலும், முதலுக்கு நட்டமே வராது என்று உறுதி கூறினாலும் அந்த ஒப்பந்தம் கெட்டுவிடும் என்பது மத்ரஸாவில் ஓதும் சிறு மாணவரும் அறிந்தது. அப்படியாயின், ‘முதலுக்குப் பொறுப்பு, மாதம் நிச்சயத் தொகை’ என்று கூறுகிற திட்டம், அந்தச் சொல்லாலேயே ஹலாலின் வட்டத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. வட்டி என்று தாளில் எழுதியிருந்த இடத்தில் வட்டி இல்லை. ஹலால் என்று பலகையில் எழுதியிருந்த இடத்தில் ஹலால் இல்லை!

2019ஆம் ஆண்டு பெங்களூரில் நிகழ்ந்ததை மறக்கலாமா? ஐ மானிட்டரி அட்வைசரி என்னும் நிறுவனம், ஹலாலான முதலீடு என்று கூறிப் பல்லாயிரம் குடும்பங்களின் பணத்தைத் திரட்டியது. அவ்வாண்டு சூனில் அதன் தலைவர் நாட்டை விட்டுச் சென்றார். மறுமாதம் திரும்பியபோது தில்லியில் பிடிபட்டார். ஹஜ்ஜுக்கென்று வைத்த பணம், பெண்ணின் திருமணத்துக்கென்று வைத்த நகையை விற்ற பணம், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் என்று இழந்தோர் அழுத கண்ணீர் இன்னும் காயவில்லை. இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய நோயும் அன்று. 2023இல் இதே திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நகைக்கடைக் குழுமம் கடைகளை மூடியபோது, அதன் தங்கச் சேமிப்புத் திட்டங்களில் பணம் கட்டிய எல்லா மதத்தவரும் காவல் நிலைய வாசலில் நின்றனர். பேராசைக்கும் ஏமாற்றுக்கும் மதமில்லை. ஆனால், இறைவன் பெயரைச் சொல்லி ஏமாற்றுவது இரட்டைக் குற்றம்.

ஆகவே, பணம் கேட்பவர் யாராயினும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செபி என்னும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியத்திலோ ரிசர்வ் வங்கியிலோ பதிவு உண்டா? எந்த வணிகத்தில் இலாபம் வருகிறது; அதன் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்? நட்டம் வந்தால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்கு ‘நட்டமே வராது’ என்று விடை வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டாம். அவற்றை அணிந்துள்ள நானே இதைச் சொல்கிறேன்.

இனி, தொடங்குவோர் கைக்கொள்ள வேண்டிய வரிசையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலில் கடனைத் தீருங்கள். அதிலும் கடன் அட்டை வட்டியை உடனே தீருங்கள். வட்டி வாங்குவதற்கு அஞ்சுகிற நாம் வட்டி கொடுப்பதற்கு அஞ்சாதிருப்பது விந்தை. அடுத்து, நான்கைந்து மாதச் செலவுக்குரிய தொகையை எளிதில் எடுக்கும்படி வங்கிக் கணக்கில் வைத்திருங்கள். அதன்மேல் வரும் வட்டியை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். மூன்றாவதாக, கட்டாயப் பிடித்தம் உள்ள வேலையெனில் அதனைத் தொடாமல் வளரவிடுங்கள். நான்காவதாக, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் மாதந்தோறும் ஷரீஆ வகைப் பரஸ்பர நிதியில் இடுங்கள். சம்பளம் உயரும்போது அதனையும் உயர்த்துங்கள்.

எப்போது தொடங்குவது? இன்றே. ஒரு கணக்கைப் பாருங்கள். இருபத்தைந்து வயதில் தொடங்கி மாதம் 2,000 ரூபாய் வீதம் அறுபது வயது வரை ஒருவர் சேமிக்கிறார். அவர் போடுவது 8,40,000 ரூபாய். வணிகத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 8 விழுக்காடு வளர்ந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், முடிவில் ஏறத்தாழ 45,90,000 ரூபாய் இருக்கும். மற்றொருவர் பத்தாண்டு கழித்து முப்பத்தைந்தில் அதே 2,000 ரூபாயைத் தொடங்குகிறார். அவர் போடுவது 6,00,000 ரூபாய். அவருக்குச் சேர்வது ஏறத்தாழ 19,00,000 ரூபாய். போட்டதில் வேறுபாடு 2,40,000. கிடைப்பதில் வேறுபாடு 26 லட்சத்துக்கு மேல்! வணிகம் இத்தனை விழுக்காடு தந்தே தீரும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆனால், காலம் செய்யும் வேலையைப் பணம் செய்யாது என்பது மட்டும் உறுதி. நான் இதனை அறிந்தது நாற்பது வயதைக் கடந்த பின்னர். இழந்த ஆண்டுகளை எனக்கு எவரும் திருப்பித் தர இயலாது; இளைஞர்களே, உங்களிடம் அவை இன்னும் இருக்கின்றன.

‘பணத்தைப் பெட்டியிலேயே வைத்திருந்தால் வட்டியும் இல்லை, மோசமும் இல்லை அல்லவா?’ என்று சிலர் கேட்பர். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், இன்று 100 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்கு முப்பதாண்டு கழித்து ஏறத்தாழ 574 ரூபாய் வேண்டும். பெட்டியில் உள்ள பணத்தைத் திருடன் எடுப்பதில்லை, காலம் எடுத்துக்கொள்கிறது.

சேமிப்போடு இணைந்த இரண்டு கடமைகளையும் மறவாதீர். ஒன்று ஜகாத். பரஸ்பர நிதியில் உள்ளது உங்கள் உடைமை. நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் ஆண்டுதோறும் அதற்குரிய ஜகாத்தைக் கணக்கிட வேண்டும். கட்டாய வைப்பு நிதிக்கு, அது கைக்கு வந்த பின்னரே ஜகாத் என்பது மேலே கூறிய முஃப்தி அவர்களின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தோர் தம் ஊர் ஆலிமிடம் விவரம் கேட்டுக்கொள்க. மற்றொன்று நாமினி எனப்படும் நியமனம். எல்லாக் கணக்கிலும் ஒருவர் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். ஆனால், பெயர் எழுதப்பட்டவர் அப்பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கும் அமானிதக்காரரே. தாய்க்கும் மனைவிக்கும் பெண்மக்களுக்கும் இறைவன் விதித்த பங்கை ஒரு படிவத்தின் கையெழுத்து அழித்துவிடாது. இதனை வீட்டாருக்கு உயிரோடு இருக்கும்போதே சொல்லி வையுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். நம் பள்ளிவாசல்களுக்குப் பளிங்குத் தரை போடுகிறோம், குளிர்சாதனம் வைக்கிறோம். ஐந்து வேளையும் முன்னின்று தொழவைக்கும் இமாமுக்கும், பாங்கு சொல்லும் மோதினாருக்கும், மக்தபில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கும் மாதந்தோறும் அவர்கள் பெயரில் ஒரு சிறு தொகையை முதுமைக் கணக்கில் இட எத்தனை ஜமாஅத்கள் முன்வந்துள்ளன? மாதம் ஆயிரம் ரூபாயை ஜமாஅத் ஒதுக்கி, இமாம் ஓர் ஆயிரத்தைச் சேர்த்தாலே முன்சொன்ன கணக்கின் 2,000 ரூபாய் ஆகிவிடும். என் உஸ்தாத் அவர்களுக்கு அது வாய்க்கவில்லை. இனி வருவோருக்கேனும் வாய்க்கட்டும்.

பாலக்கரைத் தம்பி என்னிடம் விடைபெறும்போது, பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றும் விண்ணப்பத்தை எழுதுவதாகச் சொன்னார். “நண்பர்களுக்கு என்ன சொல்வது ஹஜ்ரத்?” என்று கேட்டார். “மாதம் மூவாயிரம் தருபவரிடம், நட்டம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்” என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மட்டும் வரவில்லை; மேலும் இருவரை அழைத்து வந்தார். அவர்களும் பணம் கொடுக்கவில்லை என்றறிந்து அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

விலக்கியதை விட்டு விலகுவது பாதி மார்க்கம். ஆகுமானதைத் தேடி எடுத்துக்கொள்வது மறுபாதி. முதற்பாதியோடு நின்றுவிடாமல் மறுபாதியையும் நிறைவேற்றி, முதுமையில் எவர் வாசலையும் நோக்காத கண்ணியமான வாழ்வை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.